குட்டிச்சுவர்க்காரர்

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று நம் முன்னோர் முகவரி எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். காணாமல் போன கழுதையைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டாம், பாதி இடிந்த சுவர் எங்கே நிற்கிறதோ அங்கே போய்ப் பார்த்தால் போதும் என்பது அதன் நடைமுறைப் பொருள். சேலம், நாமக்கல் பக்கம் இப்போது கழுதைகள் அருகிவிட்டன. சுவர்கள் அப்படியே நிற்கின்றன. காலியான அந்த இடத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். தோளில் கேமரா பை, கையில் முக்காலி, சட்டையில் போன வாரச் சுவரின் சுண்ணாம்பு. முகூர்த்த நாளன்று சொந்தபந்தம் முழுவதும் பரமத்தி வேலூர் மண்டபத்தில் அட்சதையோடு காத்திருக்கும்போது, இவர் மண்டபத்துக்குப் பின்னால் ஓடாத ரைஸ் மில்லின் கதவுக்கு முன் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். தாலி கட்டியதைப் பார்த்திருக்க மாட்டார்; துருப்பிடித்த பூட்டை நான்கு கோணத்தில் எடுத்திருப்பார். உருப்படாமல் போனவனைக் குட்டிச்சுவராய்ப் போனான் என்று ஊர் சொல்லும். அந்தச் சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்து உண்மையாக நடந்துகொள்ளும் ஒரே மனிதர் இவர்தான்.

இவருடைய ரசனைக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. சுவரில் காரை உதிர்ந்திருக்க வேண்டும், ஆனால் முழுவதும் உதிர்ந்துவிடக் கூடாது. பலகையில் எழுத்து மங்கியிருக்க வேண்டும். படிக்க முடிந்தால் விளம்பரம், பாதி படிக்க முடிந்தால் கலை. கதவு பூட்டியிருந்தால் நல்லது, பூட்டு துருவேறியிருந்தால் மேல், சாவி தொலைந்தது உறுதி என்றால் உத்தமம். செவ்வாய்பேட்டையில் சாயம் போன பலகையோடு ஒரு மண்டிக்கடையைக் கண்டு பரவசப்பட்டு நிற்பார், உள்ளேயிருந்து ஒருவர் வந்து “என்ன வேணுங்க?” என்று கேட்டதும், கடை உயிரோடு இருக்கிறது என்பது தெரிந்து முகம் வாடிவிடும். புது பெயின்ட் வாசனை இவருக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி மனைவி கேட்டு மூன்று தீபாவளி போய்விட்டது. அந்தச் சுவரில் ஓதம் ஏறுவதை இவர் மாதாமாதம் படமெடுத்து ஒரு வரிசையாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். எடுத்த படங்களுக்கு வைக்கும் தலைப்புகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: ‘மௌனம்’, ‘எச்சம்’, ‘காலத்தின் சாட்சி’, ‘மௌனம் – 2’. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று கேட்டால், கலைக்கு ஏது ஊர் என்பதுபோல் பார்ப்பார். இந்தக் கடைசிப் பழக்கத்தில்தான் வழக்கே இருக்கிறது.

ஊர்க்காரர்கள் இவரை நம்புவதில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. 2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காக நிலம் அளக்க வந்ததைப் பார்த்த மாவட்டம் இது. மூன்று காலில் ஒரு கருவியை நட்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர் எவராயினும், அவருக்குப் பின்னால் ஓர் எல்லைக்கல் வரும் என்பது இங்கே அனுபவ அறிவு. ஆகவே முதல் கேள்வி, “ஏனுங் தம்பி, ரோடு இப்படிப் போகுதுங்களா?” என்பதாக இருக்கும். இல்லை என்றால், பேங்க் ஜப்தியா, கரண்ட் ஆபீசா, ரியல் எஸ்டேட்டா என்று சந்தேகம் ஒவ்வொரு படியாக இறங்கும். சும்மாதான் எடுக்கிறேன் என்ற பதிலை மட்டும் ஒருவரும் ஏற்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பெட்ரோலும் செலவழித்து எவனாவது சும்மா ஒரு செவுத்தைப் பார்ப்பானா? திண்ணையில் இருக்கும் ஆயா மட்டும் காரியத்தில் கண்ணாக இருப்பார்: “வூடு விழுந்துபோச்சுன்னு எழுதிக் குடுத்தா பணம் ஏதாச்சும் வருமா கண்ணு?” அழகியல் பேசலாம் என்று வாயைத் திறந்தவர் அதற்குப் பதில் தெரியாமல் லென்சைத் துடைத்துக்கொள்வார்.

சிரிப்பு நியாயமானதுதான். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது: இவர் செய்வது, இவருக்கே தெரியாமல், ஒரு கணக்குப்பிள்ளை வேலை. பட்டாவில் ஏறாத, பதிவேட்டில் வராத, எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பொருள்களின் இருப்பைக் குறித்துவைக்கிற வேலை. இதற்குப் பழைய முன்னோடி இந்த மாவட்டத்திலேயே உண்டு. சென்னை மாகாணத்தின் அரசாங்கப் படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப் 1858-இல் வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்று, இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பற்றியது. மாட்டுவண்டிகளில் கேமராவும் ரசாயனமும் ஏற்றிக்கொண்டு போய், ஆளில்லாத கோட்டைச் சுவர்களையும் பாறைகளையும் எடுத்தார். வெறும் வானம் வெளிறித் தெரிந்த நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டிச் சேர்த்தார். ஃபில்டர் போடுவது நேற்றுப் பிறந்த பாவம் அல்ல. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்தினார். குட்டிச்சுவர்க்காரரின் வீட்டில் மாதக் கடைசியில் நடக்கும் விவாதத்துக்கும் அரசாங்க முன்னுதாரணம் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: ட்ரைப்பின் படங்கள் இன்ன கோட்டை, இன்ன இடம் என்ற பெயரோடும் விளக்கக் குறிப்புகளோடும் வெளிவந்தன. அதனால்தான் 160 ஆண்டு கழித்தும் அவற்றை வைத்து எந்த மதில் இருந்தது, எது போனது என்று பேச முடிகிறது. ‘மௌனம் – 2’ஐ வைத்து நாளைக்கே ஒன்றும் பேச முடியாது.

பெயர்ப்பலகை எவ்வளவு பேசக்கூடியது என்பதை ஒரு மங்கிய சுவரின் முன் நின்று பொறுமையாக எண்ணிப் பார்க்கலாம். நாமக்கல் கடை ஒன்றின் நெற்றியில் ‘சேலம் மாவட்டம்’ என்று எழுதியிருந்தால் அது 1997-க்கு முந்தியது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்குகிறது. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘புகையிலை’ என்ற சொல்லில் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய ‘லை’ இருந்தால், 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் எழுதியது, அல்லது ஆணையை மதிக்காத ஓவியர் எழுதியது. கைகாட்டிப் பலகையில் தேசிய நெடுஞ்சாலை எண் 7 என்று இருந்தால், 2010-இல் அது 44 ஆக மாறியதை அந்தப் பலகைக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்பதும் ஒரு காலக்கணக்கு. கல்வெட்டுக்காரர்கள் எழுத்தமைதியை வைத்து நூற்றாண்டைக் கணிக்கிறார்களே, அதே வித்தைதான். ஒரே ஒரு வேறுபாடு, கல்வெட்டைப் படிக்க அரசாங்கம் 1880-களிலேயே தனியாக ஆளை நியமித்துவிட்டது. பல்பொடி விளம்பரத்தைப் படிக்க ஆள் இல்லை. மண்டியிட்டுக் குவியம் சரிசெய்துகொண்டிருக்கும் இவரே அந்த ஆளாக இருந்திருக்கலாம். இவரோ எழுத்தைப் பார்க்காமல் எழுத்தின் மேல் விழும் வெயிலைப் பார்க்கிறார்.

கல்வெட்டோடு கடைப்பலகையைச் சேர்ப்பது கூடுதல் மரியாதை என்று தோன்றலாம். நாமக்கல் மலைக்குப் போனால் தயக்கம் தீரும். 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபு மன்னன் அங்கே பாறையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுத்து, அதற்கு ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று தன் குலப்பெயரையே வைத்து, கல்லிலும் பொறித்துவிட்டான். தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே சுவர் பிடித்து, கட்சிப் பெயரும் ஆண்டும் போட்டு ‘ரிசர்வ்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களின் மூதாதை வேறு எங்கும் இல்லை. சுவரை அசிங்கப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. அதியனுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை, அவ்வளவுதான். கல்லுக்கும் காரைக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஆயுளில் இருக்கிறது, நோக்கத்தில் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்தபோது அந்த ஆயுளும் சுருங்கியது. சுவரின் ஓரத்தில் பெயருக்குப் பின்னால் ‘ஆர்ட்ஸ்’ என்று கையெழுத்துப் போட்ட ஓவியர்கள் தூரிகையை வைத்துவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கப் போனார்கள். தலைவர்களின் ஃப்ளெக்ஸ் முகங்கள் விழா முடிந்ததும் ஆட்டுப்பட்டிக்குக் கூரையாகவும் சோளத்தட்டுப் போருக்கு மூடாக்காகவும் போகின்றன. தமிழில் சுவரெழுத்து என்ற தொழில் கடைசியாக விட்டுச்சென்ற கைத்தடம் அந்த மங்கிய சுவர்களில்தான் இருக்கிறது. அதை எடுத்தவர் மூலையிலிருந்த ஓவியர் பெயரை மட்டும் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார், ‘கம்போசிஷன்’ கெட்டுவிடுமாம்.

எழுதாமல் எடுப்பதன் ஆபத்து வேலி விஷயத்தில் இன்னும் வேடிக்கையாகத் தெரியும். கொங்குக் காடுகளில் கிளுவைக் குச்சியை வெட்டி வரிசையாக நட்டு வேலியாக்குவது வழக்கம். அது உயிர்வேலி. இரண்டு பக்கமும் அப்படி வேலி ஓட, நடுவே வண்டியும் ஆடுமாடும் போகிற தடத்துக்கு இட்டேரி என்று பெயர். கோடையில் கிளுவை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, சாம்பல் நிறத்தில் முள்ளும் குச்சியுமாக நிற்கும். சேதி தெரியாதவருக்கு அது பட்டுப்போனதாகத்தான் தோன்றும். குட்டிச்சுவர்க்காரர் சித்திரை வெயிலில் வந்து, கருப்பு வெள்ளையில் எடுத்து, ‘மரணித்த எல்லை’ என்று தலைப்பிட்டுக் கண்கலங்கிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு அந்த மரணம் முழுவதும் துளிர்த்து, வெள்ளாடு ஏறித் தின்றுகொண்டிருக்கும். பக்கத்திலேயே கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்த புது வேலியை அவர் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். அந்தக் கம்பி 1870-களில் அமெரிக்காவில் மாட்டுக்காகப் பிறந்து, உலகம் சுற்றி, இங்கே இட்டேரிகளின் இடத்தைப் பிடித்த கதை அவருக்கு வேண்டியதில்லை. இன்னும் துருப்பிடிக்கவில்லை அல்லவா! எது செத்தது, எது சாகடிக்கிறது என்பதை வெறும் கண் பிரித்துச் சொல்லாது. ஆடு மேய்ப்பவரிடம் ஒரு வாய் பேசியிருந்தால் பெயரும் கிடைத்திருக்கும், பருவமும் தெரிந்திருக்கும், கண்ணீரும் மிச்சமாகியிருக்கும்.

இவர் மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குற்றங்கள் மூன்று. முதலாவது, சங்ககிரியில் அடுக்கடுக்காய் வாயில் வைத்த கோட்டை இருக்கிறது, நாமக்கல்லில் பாறை உச்சியிலேயே கோட்டை இருக்கிறது. தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட இடத்தை விட்டுவிட்டு எவனோ கட்டிய மாட்டுக்கொட்டகையை எடுப்பானேன் என்பது. கேள்வியில் நியாயம் உண்டு. சங்ககிரிக்கே போனாலும் இவர் கோட்டையை விட்டுவிட்டு, அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கும் தொல்லியல் துறைப் பலகையின் துருவைத்தான் எடுப்பார். ஆனால் கோட்டைக்குப் பலகை இருக்கிறது, காவலாள் இருக்கிறார், ஆடி மாதம் மாலை போடத் தலைவர்கள் வருகிறார்கள். கொட்டகைக்கு வருவது ஜேசிபி ஒன்றுதான். அழியும் என்று தெரிந்ததைத்தான் முதலில் குறித்துவைக்க வேண்டும். நிலைக்கப் போவதைப் பேரனும் வந்து எடுத்துக்கொள்வான். நடுகற்களுக்கும் இதே கதிதான் இருந்தது. வயலோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கற்களை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்து, செங்கம் நடுகற்கள் என்று 1972-இல் நூலாகப் போட்ட பிறகுதான், அவை துணி துவைக்கும் கல் என்ற உத்தியோகத்திலிருந்து வரலாற்றுக்கு உயர்ந்தன.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. இதில் சிரிப்பு கொஞ்சம் நிற்க வேண்டும். மூடிய ஆலை என்பது ஒரு காலத்தில் சம்பளம் வாங்கியவர்களின் இடம். அம்மாப்பேட்டையில் தறி நின்றுபோன வீடு இவருக்கு ‘டெக்ஸ்ச்சர்’; உள்ளே இருந்தவர்களுக்கு அது சோறு. போர்க்காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, குச்சிக்கிழங்கை வைத்து இங்கேயே செய்து பழகி வளர்ந்தது சேலத்துச் சேகோத் தொழில். 1981-இல் உற்பத்தியாளர்கள் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமே வைத்துக்கொண்டார்கள். அந்தத் தொழிலில் விழுந்த ஒரு பட்டறையின் காய்ந்த தொட்டிகளையும் வெறிச்சோடிய உலர்களத்தையும் வெறும் கோடுகளாகவும் நிழல்களாகவும் பார்ப்பது கண்ணுக்கு நல்ல பயிற்சி, மனசுக்குக் கெட்ட பயிற்சி. இதை மறுக்க வழியில்லை. ஆனால் இதிலிருந்து, எடுக்கவே கூடாது என்ற முடிவு வராது. எடுக்காவிட்டால் அந்தச் சோறு திரும்பி வந்துவிடுமா? இன்ன ஊரில் இன்ன தொழில், இத்தனை பேர் வேலை பார்த்த இடம், இன்ன ஆண்டு நின்றது என்ற நான்கு வரி படத்துக்குக் கீழே வந்துவிட்டால், வறுமையை அழகாக்கிய அதே படம் வறுமைக்குச் சான்றாகிவிடுகிறது. குற்றம் கேமராவுடையது அல்ல, பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வந்ததுதான்.

மூன்றாவது, கையில் போன் இருக்கிற எல்லோரும்தான் எடுக்கிறார்கள், போதாததற்குத் தலையில் கேமரா கட்டிய கார் ஒன்று தெருத் தெருவாய்ப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது, இவர் எதற்கு என்பது. அந்தக் கார் இட்டேரிக்குள் நுழையாது என்பது எளிய பதில். சரியான பதிலை ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி கொடுத்தார்கள். 1959-இலிருந்து பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், சூளைகள் என்று யாரும் சீந்தாதவற்றையே எடுத்தார்கள். நேர்முகமாக, மேகமூட்டமான வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், கீழே ஊர்ப் பெயரும் ஆண்டும். சோகமும் கிடையாது, சூரிய அஸ்தமனமும் கிடையாது. 1990-இல் வெனிஸ் பியன்னாலேயில் அவர்களுக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது, அதுவும் சிற்பக்கலைக்கு! இவ்வளவு தொலைவு போவானேன்; நம் ஊராட்சிகளுக்கே இந்த ஒழுக்கம் தெரியும். எந்தக் குக்கிராமத்து மேல்நிலைத் தொட்டியைப் பார்த்தாலும் திட்டத்தின் பெயர், கொள்ளளவு இத்தனை லிட்டர், மதிப்பீடு இத்தனை லட்சம், ஆண்டு இன்னது என்று வயிற்றிலேயே எழுதியிருக்கும். கோடிக்கணக்கான போன்கள் எடுப்பது நினைவுக்காக. ஒருவர் ஒரே மாதிரி, ஒரே பொறுமையோடு, ஊர் பேர் எழுதி எடுத்தால் அது கணக்கு. ஊராட்சி எழுத்தருக்குத் தெரிந்த இந்த வித்தை கலைஞருக்குத் தெரியாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழுத்து என்ன செய்யும் என்பதற்குச் சேலத்திலேயே பெரிய சாட்சி ஏற்காடு சாலையில் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேல் படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படமும் அதன் கணக்கில் உண்டு. தளங்கள் போய், அந்த இடம் குடியிருப்பாகிவிட்டது; முகப்பு வளைவு மட்டும் மிச்சம். அதன் முன் நின்று படமெடுக்காத சினிமா ரசிகர் குறைவு, முதலமைச்சர் ஒருவரே நின்று எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணம் சாதாரணம்: வளைவின் நெற்றியில் பெயர் இருக்கிறது. அந்த எழுத்துகளை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சலான இரண்டு தூண் என்று என்றைக்கோ இடித்திருப்பார்கள். பெயர் இருந்தால் இடிபாடு வரலாறு. பெயர் இல்லாவிட்டால் கட்டடக் கழிவு.

இது குட்டிச்சுவர்க்காரருக்கும் ஒரு நாள் புரியத்தான் செய்யும். அநேகமாக இப்படித்தான் புரியும்: ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் அருமையான புகையிலை விளம்பரச் சுவர் ஒன்றைப் பார்த்துவைத்து, வெளிச்சம் சரியில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அடுத்த ஞாயிறு அதிகாலை வந்து இறங்கினால், சுவர் பால்போல் நிற்கும். வீட்டுக்காரர் தோள் துண்டை உதறிக்கொண்டு பெருமையாகச் சொல்வார்: “போட்டோ எடுக்க வாரேன்னு சொல்லிப்போட்டுப் போனீங்களே தம்பி, அழுக்காக் கெடந்தா நல்லாவா இருக்கும்? அதான் ரெண்டு கை சுண்ணாம்பு அடிச்சு வெச்சுட்டேனுங்க. இப்ப எடுங்க.” அந்த மரியாதையின் முன் யாரால் கோபப்பட முடியும்? கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரை எடுத்துக்கொண்டு திரும்புவார். இரவு அதைத் திறந்து பார்த்தால் படத்தில் ஒன்றுமே இருக்காது. ஒன்றும் இல்லாததால், முதல்முறையாகக் கீழே எழுத வேண்டியிருக்கும்: ஊர், தேதி, கிழக்குப் பார்த்த சுவர், சுண்ணாம்புக்கு அடியில் புகையிலை விளம்பரம், பழைய ‘லை’, மூலையில் ஓவியர் பெயரில் முதல் மூன்று எழுத்து, வீட்டுக்காரர் சொன்னபடி அவருக்குக் கல்யாணமான வருடம் எழுதியது. எழுதி முடித்ததும் தூக்கம் வந்துவிடும். அந்தப் படத்துக்கு மட்டும் தலைப்பு வைக்க மறந்துவிடுவார்.